பின்னால் நின்றவர்

காரைக்கால் கடற்கரையில் ஒரு நாள் மாலை உட்கார்ந்திருந்தேன். பையன்கள் சிலர் மணலில் பந்து ஆட வந்தார்கள். ஆட்டம் தொடங்குமுன்பே சச்சரவு. எல்லோருக்கும் முன்னால் நின்று கோல் அடிக்கத்தான் ஆசை. கடைசியில், வாய் பேசாமல் நின்ற ஒருவனைப் பார்த்து, "நீ பேக்குல நில்லுடா" என்றார்கள். அவனும் போய் நின்றான். அரை மணி நேரம் வந்த பந்தையெல்லாம் தடுத்தான். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே ஒரு தரம் கால் தவறிற்று, கோல் விழுந்தது. அத்தனை பேரும் அவனைத் திட்டித் தீர்த்தார்கள்.

எனக்கு ஜர்னைல் சிங்கின் நினைவு வந்தது. காரைக்காலுக்கும் அந்தப் பஞ்சாபிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். காலம் சேர்த்துவைத்த சம்பந்தம்தான்.

1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்கால் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். சட்டப்படியான மாற்றமோ 1962 ஆகஸ்டு 16-ல்தான் நிறைவேறியது. ஆகவே 1960-ல் ரோம் ஒலிம்பிக்ஸில் இந்தியாவும் பிரான்ஸும் மோதியபோது, காரைக்கால்காரர்கள் எந்தக் கட்சி என்று ஒரு வக்கீல் வேடிக்கையாக வழக்காடியிருக்கலாம்! ஆட்டம் 1–1 என்று சமனாக முடிந்தது. நம் கோலை அடித்த பி. கே. பானர்ஜியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த அணியின் பின்வரிசைக்காரர் ஜர்னைல்.

காரைக்கால் சட்டப்படியும் இந்திய மண்ணாகி 19 நாள் கழித்து, செப்டம்பர் 4-ல், ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டின் கால்பந்து இறுதியாட்டம். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்த்துக்கொள்ளாததை நம்மவர் ஒருவர் கண்டித்திருந்ததால், கூட்டம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராக இரைந்தது. முந்தைய ஆட்டமொன்றில் ஜர்னைலின் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. பயிற்சியாளர் ரஹீம் அவரை உட்காரவைக்கவில்லை. தடுப்பாட்டக்காரரைத் தாக்கும் வரிசைக்கு அனுப்பினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல். இறுதியில் தென் கொரியாவுக்கு எதிராக இன்னொன்று. இந்தியா 2–1 என்று தங்கம் வென்றது. புற்றுநோயோடு அந்த அணியை நடத்திய ரஹீம் மறு வருஷம் ஜூனில் காலமானார்.

இன்று ஜர்னைலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த இரண்டு கோல்களைத்தான் பேசுகிறார்கள். மோகன் பகானுக்காக வருஷக்கணக்கில் அவர் தடுத்த பந்துகளுக்குக் கணக்கு ஏது? அவர் முன்னால் போனபோது பின்னால் காவல் காத்த அருண் கோஷ் முதலியோரை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. விளைச்சலைப் புகழ்வோம், கரை உடைந்த அன்றுதான் கரையை நினைப்போம்.

பின்னால் நின்றவர் பயிற்சியாளரானால் இன்னும் பின்னால், கோட்டுக்கு வெளியிலேயே போய்விடுகிறார். பஞ்சாப் 1970-ல் சந்தோஷ் கோப்பையை வென்றபோது ஜர்னைல் ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக இருந்தார். 1974-ல் பஞ்சாப் மறுபடி வென்றது. இறுதியில் வங்காளத்துக்கு 6 கோல், பதிலுக்கு ஒன்றுமில்லை. அந்தத் தொடரில் இந்தர் சிங் அடித்த 23 கோல்களைப் பெருமையோடு சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்த அணியைப் பழக்கியவர் ஜர்னைல் என்பதை யாராவது நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தடுப்பாட்டக்காரர்கள் நல்ல ஆசிரியர்களாவதில் எனக்கு வியப்பில்லை. ஆட்டம் முழுவதையும் முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பவர்கள் அவர்கள்தானே? அருண் கோஷும் பிற்பாடு இந்திய அணிக்கே பயிற்சியாளரானார்.

2000-ல் ஜர்னைல் கனடாவில் காலமானார்.

இருட்டும் நேரம் எழுந்தேன். அந்தப் பையன் தனியாக மணலைத் தட்டிக்கொண்டிருந்தான். "நன்றாகத் தடுத்தாய், தம்பி" என்றேன். வெட்கப்பட்டுச் சிரித்தான்.

"நாளைக்கு ஃபார்வர்டு ஆடப் போறேன் சார்" என்றான்.