நடந்து போகும் தூரம்

ஸ்கூடாயில் என்னோடு பொறியியல் படித்தவர்களில் பலர் இப்போ சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். தனியாளாகப் போனபோது எந்த மூலையிலும் ஓர் அறை கிடைத்தால் போதும் என்றிருந்தவர்கள், கல்யாணமாகிப் பிள்ளையும் வந்ததும் கணக்கை மாற்றுகிறார்கள். வாடகை எவ்வளவு, எம்ஆர்டி எவ்வளவு கிட்டே, பள்ளிக்கூடம் எங்கே என்று எக்செலில் கட்டம் கட்டமாகப் போட்டு எனக்கும் அனுப்பி வைக்கிறார்கள்.

இதே கணக்கை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே போட்ட ஒரு தமிழ்ச் சமூகம் சிங்கப்பூரில் உண்டு. கடையநல்லூர், தென்காசி பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம்கள் அவர்கள். கடையநல்லூரில் அவர்களுக்குக் கைத்தறி நெசவுதான் தொழில். தறி சோறு போடாமல் போனதும் கப்பலேறினார்கள்.

அந்தக் காலத்தில் சிங்கப்பூர் இந்தியரிடையே ஆண்கள்தான் மிக அதிகம். 1931 குடிக்கணக்குப்படி ஏறத்தாழ ஐந்து ஆணுக்கு ஒரு பெண். நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதே பெரும்பாலோர் திட்டம். மலாயாத் தோட்டங்களுக்குக் குடும்பங்களும் வந்தன. ஆனால் எங்கே குடியிருப்பது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. கங்காணி கூட்டி வந்தான், தோட்டத்து நிர்வாகம் லயத்தில் ஓர் அறை ஒதுக்கியது, அவ்வளவுதான். வேலை போனால் வீடும் போய்விடும்.

கடையநல்லூர்க்காரர்கள் வேறு மாதிரி. மனைவி, பிள்ளைகளோடு வந்து தங்கள் இடத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டவர்களில் அவர்கள் முன்னோடிகள். கணிசமானோர் தஞ்சோங் பகாரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏன் தஞ்சோங் பகார்? துறைமுகம் அங்கே இருந்தது. கப்பல் வருவதைப் பொறுத்துத்தான் வேலை, அதனால் துறைமுக வாசலுக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருக்க வேண்டும். ஆனால் அது ஒன்றுதான் காரணம் என்றால் ஆண்கள் மட்டும் வந்திருக்கலாமே. பெண்களுக்கும் பிழைப்பு இருந்தது. மசாலா அரைத்துச் சந்தையில் விற்றார்கள். சந்தைக்கு வீடு பக்கத்தில் இருக்க வேண்டும், அவள் போன நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு சொந்தக்காரியும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் நடக்கிற தூரம்தான். ஒரே தெருவில் ஊர்க்காரர்கள் கூடியதை வெறும் ஊர்ப்பாசம் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பேர் சம்பாதித்தால்தான் அடுப்பெரியும் என்ற குடும்பத்துக்கு அது ஓர் ஏற்பாடு.

அந்த ஏற்பாடு சும்மா இருக்கவில்லை. 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. போர் முடிந்த மறுவருஷம், 1946-ல், அந்தச் சங்கம் தஞ்சோங் பகாரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1960-ல் அது உயர்நிலைப் பள்ளியானது. சிங்கப்பூரில் வேறு தமிழ் உயர்நிலைப் பள்ளி கிடையாது. துறைமுகக் கூலியும் மசாலா விற்ற காசும் புழங்கிய ஒரு வட்டாரத்திலிருந்து அது எழுந்தது என்பதுதான் எனக்கு வியப்பு.

அதே 1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் வந்தது. பழைய கடைவீடுகளின் இருட்டறைகளில் நெருக்கியடித்துக் கிடந்த குடும்பங்களுக்குக் குழாய்த் தண்ணீரும் சொந்தக் கழிப்பறையும் கிடைத்தன. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் குடும்பங்கள் புதுப் பேட்டைகளுக்குப் பிரிந்து போயின. பெற்றோர்கள் ஆங்கிலப் பள்ளிகளை நாடினார்கள். தமிழில் படித்தால் வேலை கிடைக்காது என்ற பயம் அன்று நியாயமானதுதான். உமறுப் புலவர் உயர்நிலைப் பள்ளி 1982-ல் மூடப்பட்டது. இப்போது அந்தப் பெயர் ஒரு தமிழ்மொழி நிலையத்துக்கு இருக்கிறது.

1989-ல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. இந்தியர், பிறர் சேர்ந்து ஒரு பேட்டையில் 10 விழுக்காடு, ஒரு புளோக்கில் 13 விழுக்காடு என்று அப்போது வரம்பு வைத்தார்கள். 2010-ல் அதைக் கொஞ்சம் கூட்டினார்கள். இனக்கலவரங்களைப் பார்த்த நாடு அது, காரணம் புரிகிறது. ஆனால் வீடு வாங்குகிற தமிழர்கள் இனி விரும்பினாலும் இன்னொரு தஞ்சோங் பகாரை உண்டாக்க முடியாது.

வாடகைக்குப் போகிற என் நண்பர்களை அந்த வரம்பு தடுக்காது. அவர்கள் இன்னும் தேர்ந்தெடுக்கலாம். அவர்களுடைய எக்செலில் வேலைக்கு எத்தனை நிமிஷம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. மனைவியும் வேலைக்குப் போனால் பிள்ளையை யாரிடம் விடுவது என்று கட்டம் இல்லை. மாலையில் பிள்ளை கீழே விளையாடப் போனால் தமிழில் பேச ஒரு பிள்ளையாவது இருக்குமா என்றும் கட்டம் இல்லை. தமிழ் வகுப்பைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். வகுப்பில் படிக்கிற தமிழ் விளையாட்டுத் திடலுக்கு இறங்கி வர, அங்கே யாராவது இருக்க வேண்டுமே.

இவர்களும் தஞ்சோங் பகார் போல ஒரே இடத்தில் குவிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்த இரண்டு மூன்று குடும்பங்கள் பேசி வைத்துக்கொண்டு, நடந்து போகிற தூரத்தில் வீடு எடுத்தால்கூடப் போதும். வாடகை ஐம்பது, நூறு வெள்ளி கூடலாம். எம்ஆர்டிக்குப் பத்து நிமிஷம் அதிகம் நடக்க வேண்டியிருக்கலாம். நண்பர்களின் எக்செலில் நான் இப்போது அந்த ஒரு வரியைச் சேர்த்துத்தான் திருப்பி அனுப்புகிறேன்.