வினையூக்க மாற்றி நீக்கம் (ஸ்போர்ட்ஸ் கார்கள்)

காரின் எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையே புகைக்குழாயில் பொருத்தப்பட்டிருக்கும் வினையூக்க மாற்றியை, அதாவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை, கழற்றிவிட்டு வெற்றுக் குழாய் பொருத்துவதும், வெளிக்கூட்டை விட்டுவைத்து உள்ளீட்டை மட்டும் உடைத்தெடுப்பதும் வினையூக்க மாற்றி நீக்கம் எனப்படும். ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர்கள் குதிரைத்திறனைக் கூட்டவும் எஞ்சின் ஓசையைப் பெருக்கவும் இதைச் செய்கின்றனர். பொதுச்சாலையில் ஓடும் காரில் இது அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் சட்டமீறல். 1970களின் நடுவில் அமெரிக்காவில் தொடங்கிய இப்பழக்கத்துக்கு அன்று ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் தீர்ந்து பல பத்தாண்டுகள் ஆகியும் பழக்கம் நீடிக்கிறது.

மாற்றியின் தோற்றம்

மாற்றியை உருவாக்கியவர் கார்ப் பந்தயத்தில் பேரார்வம் கொண்டவர் என்பது பலரும் அறியாத செய்தி. பாரிஸ் அருகே தோமோனில் பிறந்த யூஜின் ஹூட்ரி (1892–1962) இயந்திரப் பொறியாளர். முதல் உலகப் போரில் பிரெஞ்சு டாங்கிப் படையில் பணியாற்றினார். போருக்குப் பின் பந்தயக் கார்களில் ஈடுபட்டு, 1922இல் அமெரிக்கா சென்று இண்டியானபோலிஸ் பந்தயத்தை நேரில் கண்டார். வேகமான எஞ்சினுக்குத் தரமான பெட்ரோல் வேண்டும் என்ற தேடலே அவரை வேதியியலுக்கு இழுத்தது. கனத்த எண்ணெயை வினையூக்கியின் உதவியால் உடைத்து உயர்தரப் பெட்ரோல் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, 1930இல் அமெரிக்காவில் குடியேறினார். அம்முறையில் இயங்கிய பெரிய ஆலையை சன் ஆயில் நிறுவனம் 1937இல் பென்சில்வேனியாவின் மார்க்கஸ் ஹூக்கில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்களுக்கான பெட்ரோலில் பெரும்பங்கு இம்முறையில் கிடைத்ததே.

அதே காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டம் மக்களின் கண்ணை எரித்துக்கொண்டிருந்தது. அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துவந்த நெதர்லாந்து வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட், கால்டெக்கில் இதை ஆய்வுக்கு எடுத்தார். எரிந்தும் எரியாமலும் வெளியேறும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து அந்த மூட்டத்தை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். முதன்மையான குற்றவாளி கார் என்பது தெளிவாயிற்று. இதனால் கவலையுற்ற ஹூட்ரி, ஆக்சி-கேட்டலிஸ்ட் என்ற நிறுவனத்தை அமைத்து, முதலில் ஆலைப் புகைக்கூண்டுகளுக்கும் பின்னர் கிடங்குகளில் ஓடும் பாரந்தூக்கி வண்டிகளுக்கும் மாற்றிகளைச் செய்தார். கார் புகைக்கான அவரது மாற்றிக்கு 1956இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் வினையூக்கியின் மேற்பரப்பில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். தன் கருவி சாலைக்கு வருவதைக் காணாமலே ஹூட்ரி 1962இல் காலமானார்.

1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் கார்களின் மாசை 90 விழுக்காடு குறைக்கச் சொல்லி, ஈயமற்ற பெட்ரோலும் வந்தபோது அவரது கருவி மீண்டும் வெளியே வந்தது. கார்னிங் நிறுவனத்தின் பேக்லி, லாக்மன், லூயிஸ் ஆகிய மூவரும் தேன்கூடு போன்ற நுண்துளைப் பீங்கான் உள்ளீட்டை உருவாக்கினர். எங்கல்ஹார்ட் நிறுவனத்தின் ஜான் மூனியும் கார்ல் கீத்தும் 1973இல் மூவழி மாற்றியை உருவாக்கினர். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் அது ஒருசேர நீக்கும். அதற்குக் காற்றும் பெட்ரோலும் ஏறத்தாழ 14.7க்கு 1 என்ற எடை விகிதத்தில் நிற்க வேண்டும். ஆக்சிஜன் உணரி அதைக் கண்காணிக்கும். வோல்வோ நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் விற்ற கார்களில் இந்த ஏற்பாடு முதலில் வந்தது.

1975ஆம் ஆண்டுக் கார்வெட்

கழற்றும் பழக்கத்தின் தொடக்கத்தை அறிய ஷெவர்லே கார்வெட்டைப் பார்த்தால் போதும். ஜெனரல் மோட்டார்ஸ் 1975ஆம் ஆண்டு மாடல்களில் மாற்றியைப் பொருத்தியது. அது பீங்கான் தேன்கூடு அல்ல. பிளாட்டினமும் பல்லேடியமும் பூசிய அலுமினா மணிகள் நிறைந்த தட்டையான பெட்டி. கார்வெட்டுக்கு அதுவரை இருபுறமும் தனித்தனிக் குழாய்கள் இருந்தன. இப்போது இரண்டும் ஒன்றாகி ஒரே மாற்றிக்குள் புகுந்து, மறுபடி இரண்டாகப் பிரிந்து பின்பக்கம் வந்தன. பின்னாலிருந்து பார்த்தால் பழைய கார்தான். அடியில் எஞ்சினின் மூச்சு முழுவதும் ஒரு பெட்டிக்குள் நெருக்கப்பட்டது.

1974இல் அடிப்படை எஞ்சின் 195 குதிரைத்திறன், 1975இல் 165. கூடுதல் ஆற்றலுள்ள எல்-82 எஞ்சின் 250இலிருந்து 205க்கு இறங்கியது. முழுப் பழியையும் மாற்றியின்மீது போடுவது நியாயமன்று. ஈயமற்ற பெட்ரோலுக்காகவும் மாசு வரம்புக்காகவும் எஞ்சினிலேயே பல மாற்றங்கள் நடந்திருந்தன. 1971இலேயே அந்நிறுவனம் தன் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் உரிமையாளர் கண்ணில் பட்டது அந்தப் பெட்டிதான். பெட்டியின் அடியில் மணிகளை மாற்றுவதற்கென ஓர் அடைப்பு உண்டு. அதைத் திறந்து மணிகளைக் கொட்டிவிட்டு வெறுங்கூட்டை மாட்டிக்கொண்டோர் உண்டு. சோதனைக் குழாய் என்ற பெயரில் நேர்குழாய்களும் கடைகளில் விற்கப்பட்டன.

சட்டத்தில் ஓட்டையும் இருந்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் தயாரிப்பாளரையும் விற்பனையாளரையும் மட்டுமே தடுத்தது. 1977ஆம் ஆண்டுத் திருத்தம் பழுதுபார்க்கும் பட்டறைகளைச் சேர்த்தது. உரிமையாளர் தன் கையால் கழற்றுவதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுத்தது 1990ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்புதான். சாலைக்கெனச் சான்று பெற்ற காரைப் பந்தயத்துக்காக மாற்றும்போது கழற்றலாம் என்று அச்சட்டம் எங்கும் சொல்லவில்லை. எனவே அதுவும் மீறலே.

டொயோட்டா எம்ஆர்2

நியாயமான காரணத்துக்காகக் கழற்றப்படும் மாற்றிகளில் ஒன்று, மூன்றாம் தலைமுறை எம்ஆர்2 காரின் முன்மாற்றி எனலாம். மாற்றி சூடேறினால்தான் வேலை செய்யும். சுமார் 250–300 டிகிரி செல்சியசுக்குக் கீழே அது பெரும்பாலும் வெறும் தடையே. எனவே விரைவில் சூடேறட்டும் என்று இக்காரில் முதன்மை மாற்றிக்கு முன்னதாக, எஞ்சினை ஒட்டிய புகைக்கிளைக் குழாயிலேயே இரண்டு சிறு மாற்றிகள் வைக்கப்பட்டன. தொடக்கக் கால எஞ்சின்கள் ஆயிலை எரிக்கும் இயல்புடையவை. ஆயில் படிந்து முன்மாற்றியின் பீங்கான் நொறுங்குகிறது. அந்தத் துகள் எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டுச் சிலிண்டர் சுவரைத் தேய்க்கிறது. தேய்ந்த எஞ்சின் இன்னும் கூடுதலாக ஆயிலை எரிக்கிறது. ஆகவே உரிமையாளர்கள் முன்மாற்றியை நீக்கி, முதன்மை மாற்றியை மட்டும் வைத்துக்கொள்கின்றனர்.

கழற்றினால் நேர்வது

சூடேறிய மூவழி மாற்றி மூன்று மாசுகளிலும் 90 விழுக்காட்டுக்கு மேல் நீக்கும். ஆக, அது இல்லாத ஒரு கார் பத்துக் கார்களுக்கு மேலான நஞ்சைத் தெருவில் விடுகிறது. பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரும் நடைபாதையில் போகும் குழந்தையும் அதைச் சுவாசிக்கிறார்கள். சில குதிரைத்திறனுக்கு இது மிக அதிக விலை.

அந்தக் குதிரைத்திறனும் எதிர்பார்த்த அளவு கிடைப்பதில்லை. இன்றைய மாற்றிகள் அகன்றவை, மெல்லிய சுவருடையவை. டர்போ இல்லாத எஞ்சினில் கழற்றியதால் வரும் ஆதாயம் ஓட்டுபவருக்குத் தெரிவதைவிடக் காதுக்கே அதிகம் தெரிகிறது. டர்போ எஞ்சினில் ஆதாயம் கூடுதல். ஆனால் புகைத்தடை திடீரென நீங்குவதால் டர்போவின் அழுத்தம் கட்டுக்கு மீறி ஏறும் அபாயமும் உண்டு. மாஸ்டா ஆர்எக்ஸ்-7 உரிமையாளர்கள் இதை நன்கறிவர். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல்கள் முதல் கட்டாயமான ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் முறையில், மாற்றிக்குப் பின்னுள்ள உணரி குறையைக் கண்டு பி0420 குறியீட்டுடன் எச்சரிக்கை விளக்கை ஏற்றும். உணரியைக் குழாயிலிருந்து சற்று விலக்கிவைத்தோ கணினியின் நிரலை மாற்றியோ விளக்கை அணைக்கின்றனர். மாசு அப்படியே இருக்கும். காருக்குள் எரியாத பெட்ரோல் வாடையும், நெடுஞ்சாலையில் ஓயாத இரைச்சலும் கூடவே வரும். சதுர அங்குலத்துக்கு 200 துளைகள் கொண்ட உலோக உள்ளீட்டு மாற்றி இவர்களுக்கு ஒரு நடுவழி.

இன்றைய நிலை

பிரிட்டனில் 2012 முதல் ஆண்டுச் சோதனையில் மாற்றி கழற்றப்பட்ட கார் தேறாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மாற்றியைக் கழற்ற உதவும் உதிரிகளை விற்போர்மீது நடவடிக்கை எடுத்துள்ளது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை நகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்கு மாற்றி கட்டாயமானது; 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 என்ற மாசு வரம்பு நடப்பில் உள்ளது.