பாயிரம் இழந்த காவியம்

தஞ்சாவூர் என்றதும் நம் நினைவில் எழுவன இராசராசன் எடுத்த பெருங்கோயிலும் சோழரின் சிறப்புமே. அந்நகரின் அரசவையில் நெடுங்காலம் தெலுங்கு மொழி இலக்கியத் தலைமை பெற்றிருந்ததை நம்மிற் பலர் எண்ணுவதில்லை. நாயக்க மன்னர் காலத்தில் அவையேறிய தெலுங்கு, 1676 ஆம் ஆண்டு மராத்தியர் ஆட்சி தோன்றிய பின்னரும் செல்வாக்கு இழக்கவில்லை. அவ்வவையிற் பெண்பாற் புலவர்களும் இருந்தனர். இரகுநாத நாயக்கரின் வரலாற்றை இராமபத்ராம்பா வடமொழிக் காவியமாகப் பாடினார். விசயராகவ நாயக்கர் காலத்தில் ரங்காஜம்மா தெலுங்கில் நாடகம் இயற்றினார். இவர்களின் வழியில் வந்தவரே முத்துப்பழனி.

மராத்திய மன்னர் பிரதாபசிங்கர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்டார். அவரது அவையை அணிசெய்த கணிகையர் மரபைச் சேர்ந்தவர் முத்துப்பழனி. ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்தவர் அவர். ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது 'இராதிகா சாந்துவனம்' என்னும் காவியமே. 'இராதையைத் தேற்றுதல்' என்பது அதன் பொருள். இராதை தான் வளர்த்த இளை என்னும் பெண்ணைக் கண்ணனுக்குத் தானே மணம் முடித்து வைக்கின்றாள். பின்னர் பிரிவுத் துயரும் பொறாமையும் அவளை வாட்டுகின்றன. ஊடி நிற்கும் அவளைக் கண்ணன் பணிந்து தேற்றுவதே 584 பாடல்களில் விரியும் கதையாகும். இன்பச் சுவை மிகுந்த நூல் இது. ஆண் புலவர் பலர் முன்பே நடந்த வழிதான். எனினும் பெண்ணின் விருப்பத்தையும் வெகுளியையும் பெண்ணே நின்று பேசுவது இந்நூலின் தனித்தன்மை.

நூலின் முகப்பில் முத்துப்பழனி தம் வரலாற்றைக் கூறுகின்றார். மற்றைய புலவர் தந்தைவழிப் பெருமை பேசுமிடத்தில், இவர் தம் பாட்டி தஞ்சநாயகியின் கல்வியையும் கலைத்திறனையும் எடுத்துப் போற்றுகின்றார். தம்போன்ற ஒருத்திக்குப் புலவர்கள் நூல்களைக் காணிக்கையாக்கினர் என்பதைப் பெருமிதத்தோடு சொல்கின்றார். பாயிரம் இல்லாததை நூலென்று கொள்ளார் நம் இலக்கண ஆசிரியர். ஆக்கியோன் யார், எம்மரபினன் என்று அறிவிப்பது அதுவன்றோ?

ஏட்டிலிருந்த இக்காவியம் 1887 ஆம் ஆண்டு அச்சேறியது. பதிப்பித்தவர் வேங்கடநரசு என்னும் அறிஞர். அவர் பாடல்கள் சிலவற்றை விலக்கியதோடு, முத்துப்பழனியின் பாயிரத்தையும் இறுதியுரையையும் சேர்த்தே விலக்கிவிட்டார். அதே ஆண்டிலேதான் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கி, எழுத்தொன்றும் இழக்கலாகாதென்று ஒருவர் உழைத்துக்கொண்டிருந்த வேளையில், பிறிதொருவர் கிடைத்ததையே களைந்தார். காமச்சுவை கருதிப் பாடல்களைக் களைந்தார் எனலாம். பாட்டியின் பெயர் எவரைக் கூசவைத்தது?

ஆந்திரத்தில் விதவை மறுமணத்துக்கும் பெண் கல்விக்கும் பெரும்பணி ஆற்றிய கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலுவும் முத்துப்பழனியைக் கடிந்தே எழுதினார். இந்நூலின் சில பகுதிகள் பெண்கள் காதாற் கேட்கவும் தகாதவை என்பது அவர் தீர்ப்பு.

அத்தீர்ப்பை ஏற்க மறுத்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878 இல் மைசூர் நாட்டு நஞ்சன்கூட்டிற் பிறந்தவர். சென்னையில் இசையரசியாய் விளங்கியவர். திருவையாற்றில் தியாகராசரின் சமாதிக் கோயிலைத் தம் பொருள் கொண்டு எழுப்பியவர். அவரும் கணிகையர் மரபினரே. அச்சுப் புத்தகத்தை ஏட்டுப் பிரதியோடு ஒப்பிட்டவர், விடுபட்டவற்றைக் கண்டு வருந்தினார். நீக்கப்பட்ட பாடல்களையும் பாயிரத்தையும் மீட்டு, 1910 ஆம் ஆண்டு வாவிள்ள இராமசாமி சாஸ்திருலு பதிப்பகத்தின் வாயிலாக வெளியிட்டார். ஆண் புலவர் இதனினும் வெளிப்படையாகப் பாடியவற்றைக் கற்றோர் ஏற்கும்போது, நாணம் என்பது பெண்களுக்கு மட்டுமோ என்பது அவர் முன்னுரையின் வினா.

ஆங்கில அரசு விடையளிக்கவில்லை. 1911 இல் நூலைத் தடைசெய்து பிரதிகளைக் கைப்பற்றியது. அறிஞர் பலர் முறையிட்டும் பயன் விளையவில்லை. 1947 இல், சென்னை மாகாண அரசுக்குத் தலைமை தாங்கிய டி. பிரகாசம் காலத்திலேதான் தடை நீங்கியது. 1952 இல் நூல் மீண்டும் வெளிவந்தது. அவ்வாண்டு மே மாதத்திலேயே நாகரத்தினம்மாளும் மறைந்தார். 2011 இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளியாயிற்று.

இவ்வரலாறு நமக்கும் பயன்படும். ஒரு பாடல் ஒருவர்க்குப் பிடிக்கலாம், பிடிக்காமற் போகலாம். அதனை விமரிசிக்க எவர்க்கும் உரிமையுண்டு. பாடியவரின் பெயரையும் அவர் முன்னோர் பெயரையும் அழிக்க எவர்க்கும் உரிமையில்லை. நம் வீடுகளில் தாயரும் பாட்டியரும் தாலாட்டும் ஒப்பாரியும் எழுதிவைத்த ஏடுகளும் கொப்பிகளும் பரணிற் கிடக்கக்கூடும். அவற்றைத் தூசு தட்டி எடுப்போர் முதற்பக்கத்தைக் கிழித்துவிடாதிருப்பாராக. பாடலைக் காப்பது போலவே, பாடியவள் இன்னாள் என்பதையும் காப்பது நம் கடமை.