ஓய்வு சலுகையன்று, உரிமை

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையின் வரலாற்றில் 1976 மறக்கவியலாத ஆண்டாகும். அதற்கு முன் அம்மலை மூன்று ஜாகீர்களின் ஆதிக்கத்தில் இருந்தது. ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியின்றி உழைப்பது மலையாளிப் பழங்குடி மக்களின் கடமையாகவே கருதப்பட்டது. கூலியே இல்லாத இடத்தில் ஓய்வைப் பற்றி யார் பேசியிருப்பார்? 1976-இல் அரசு அம்மலையைத் தன் நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

கூலி பெற்று உழைத்தவர்களுக்கும் ஓய்வு எளிதில் கிடைத்துவிடவில்லை. சென்னையின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் நண்பகல் உணவுக்கு அரைமணி நேரமே இடைவேளை. அதற்குள் கை கழுவி, உண்டு முடித்து, மீண்டும் எந்திரத்தருகே நிற்க வேண்டும். 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவின் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதற்கு இக்குறையும் ஒரு காரணம். ஒரு கவளத்தை நிதானமாக உண்ணும் உரிமைக்கும் சங்கம் தேவைப்பட்டது!

பின்னர் சட்டங்கள் வந்தன. நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு வேண்டும் என்றது 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம். ஆலைகளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கலாகாது, இடையே அரைமணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். கடை ஊழியர்கள் அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் தமிழகத்தில் 2021-இல்தான் நிறைவேறியது.

ஆனால் நமக்கு இவை புதிய செய்திகளா? உன் உடலுக்கும் உன்மீது ஹக் உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழருக்கு அறிவுறுத்தினார்கள். இரவெல்லாம் நின்று வணங்கிய தோழருக்குச் சொன்ன சொல் அது. இபாதத்திலேயே உடலின் ஹக்கை மறக்கக் கூடாதென்றால், வியாபாரத்தில் மறக்கலாமா? பணியாளர்மீது தாங்கவியலாத சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்றும் கற்பித்தார்கள்.

நம்மில் பலர் கடை நடத்துகிறோம். ஜும்ஆவுக்காகக் கடையை அடைக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நம் கடையில் காலை முதல் இரவு வரை நிற்கும் பிள்ளைகள் அமர ஒரு நாற்காலி உண்டா? நாள் முழுதும் நின்றால் கால் வீங்குகிறது, நரம்பு சுருள்கிறது, இடுப்பு வலிக்கிறது. கழிப்பறைக்குச் செல்ல நேரமின்றித் தண்ணீரைக் குறைக்கும் பெண்களைச் சிறுநீர்த் தொற்று வாட்டுகிறது. உரிய நேரத்தில் கூலி கொடுத்துவிட்டதால் மட்டும் அவர்களுடைய ஹக் முழுமையாக நிறைவேறிவிடாது.

நாளைக் காலை கடை திறக்கும்போது ஒரு நாற்காலியை எடுத்துப் போடுவோம். உணவு நேரத்தையும் தொழுகை நேரத்தையும் வரையறுத்து, அனைவரும் காண எழுதி வைப்போம். பிறர் ஹக்கைப் பேணும் நல்லுள்ளத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.