கண்ணைத் திறங்க மேடம்!

ஆபரேஷன் மேஜையில் ஒரு பெண்மணி படுத்திருக்கிறார். மேல் இமையில் தொங்கிய உபரித் தோலை டாக்டர் கத்தரித்து எடுத்தாயிற்று. தையல் போடுவதற்கு முன் டாக்டர் கேட்கிறார்: ‘‘கண்ணைத் திறங்க மேடம்... இப்ப மூடுங்க!’’ அவரும் சமர்த்தாகத் திறந்து, மூடிக் காட்டுகிறார்.

படிக்கும்போதே உங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறதா? ஆனால், அவர் விழித்திருப்பதில் பெரிய லாபம் இருக்கிறது. இமைத் தோலைக் கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டால் போதும்... அப்புறம் கண் முழுசாக மூடாது. தூக்கத்தில்கூட கருவிழி காய்ந்துகொண்டே இருக்கும். அழகுக்காகப் போய் பார்வைக்கே ஆபத்து! முழு மயக்கத்தில் கிடப்பவர் எப்படித் திறந்து மூடிக் காட்டுவார்?

ஆள் விழித்திருக்க வேண்டும், இமை மட்டும் மரத்துப்போக வேண்டும். இந்த வித்தையின் கதை 1884-ல், வியன்னாவில், ஒரு ஏழை ஜூனியர் டாக்டரிடம் ஆரம்பிக்கிறது.

பெயர் கார்ல் கோலர். வயது 26. கண் டாக்டராக வேண்டும் என்பது அவருடைய கனவு. ஈதர், குளோரோஃபார்ம் எல்லாம் அப்போதே வந்துவிட்டன. ஆனால், கண் ஆபரேஷனுக்கு அவை சரிப்படவில்லை. மயக்கம் தெளியும்போது பேஷன்ட் குமட்டிக் குமட்டி வாந்தி எடுப்பார். அந்த அழுத்தத்தில் கண்ணில் இருக்கிற புதுக் காயம் என்னாகும்? அதனால் பல டாக்டர்கள் மயக்கமே கொடுக்காமல், கதறக் கதற வெட்டினார்கள்.

அதே மருத்துவமனையில் கோலருக்கு ஒரு நண்பர், சிக்மண்ட் ஃப்ராய்ட். ஆமாம், பின்னாளில் மனோதத்துவத்தில் உலகையே கலக்கிய அதே ஃப்ராய்ட்தான்! அப்போது அவர் தலை முழுக்க கோகெய்ன். அது சோர்வைப் போக்கும், மார்ஃபின் பழக்கத்திலிருந்துகூட மீட்கும் என்று நம்பினார். (அவர் பேச்சை நம்பி கோகெய்ன் எடுத்துக்கொண்ட நண்பர் ஃப்ளைஷ்ல் பட்ட பாடு தனிக் கதை.) கோகெய்னைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதிவிட்டு, காதலி மார்த்தாவைப் பார்க்க ரயிலேறிவிட்டார் ஃப்ராய்ட்.

ஒருநாள் சக டாக்டர் ஒருவர் கத்தி முனையில் கொஞ்சம் கோகெய்னை எடுத்து நாக்கில் வைத்துவிட்டு, என்னமாய் மரத்துப்போகிறது என்று வியந்தார். கோகெய்னைச் சுவைத்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதானே? 1860-லேயே நீமான் என்ற ஜெர்மானிய வேதியியல் மாணவர் அதை எழுதியும் வைத்திருந்தார். ஆனால், கோலருக்கு அந்த நொடியில் பொறி தட்டியது. நாக்கை மரக்கடிக்கிற சரக்கு கண்ணை மரக்கடிக்காதா?

நேரே பரிசோதனைக்கூடத்துக்கு ஓடினார். ஒரு தவளையின் கண்ணில் கோகெய்ன் கரைசலைச் சொட்டு விட்டு, ஊசியால் தொட்டார். தவளை அசையவே இல்லை! அடுத்து முயல், நாய். கடைசியில் தன் கண்ணிலேயே சொட்டு விட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று குண்டூசியின் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமே தெரியவில்லை!

1884 செப்டம்பரில் ஹைடல்பெர்க் நகரில் கண் மருத்துவர்கள் மாநாடு. மருத்துவ உலகையே புரட்டிப்போடப்போகும் கண்டுபிடிப்பு கையில் இருக்கிறது. ஆனால், ரயில் டிக்கெட்டுக்குக் காசில்லை! பிரட்டாவர் என்ற டாக்டர்தான் கோலருக்குப் பதிலாகக் கட்டுரையை வாசித்தார். சில வாரங்களில் செய்தி அமெரிக்கா வரை போய்விட்டது.

கோலருக்கு என்ன கிடைத்தது? 1885 ஜனவரியில், ஒரு நோயாளியின் விரலில் கட்டியிருந்த கட்டைத் தளர்த்துவது பற்றிய தகராறில், சக டாக்டர் ஒருவர் அவரை ‘யூதப் பன்றி’ என்று ஏசினார். கோலர் பளாரென்று அறைந்தார். விவகாரம் வாள் சண்டையில் முடிந்தது. எதிராளிக்குத்தான் வெட்டு, கோலருக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால், வியன்னாவில் அவருடைய எதிர்காலம் அதோடு முடிந்தது. 1888-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

சரி, இமைக்கு வருவோம். சொட்டு மருந்து கருவிழியை மரக்கடிக்கும். இமைத் தோலை ஊடுருவாது. அதற்கு ஊசி வேண்டும். நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் நரம்புகளைச் சுற்றி கோகெய்னை ஊசியாகப் போட்டுப் பார்த்தார். யாருக்கு? தனக்கும் தன் சகாக்களுக்கும்தான்! விளைவு, மகா திறமைசாலியான அந்த மனிதர் போதைக்கு அடிமையானார்.

விஷத்தன்மை குறைந்த மருந்து ஒன்று தேவைப்பட்டது. ஐன்ஹார்ன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுபிடித்த புரோகெய்ன் 1905-ல் புழக்கத்துக்கு வந்தது. ஆனால், அதில் ஒரு குறை. கோகெய்ன் ரத்தக்குழாயைச் சுருக்கும், இதுவோ விரிக்கும். மருந்து சீக்கிரமே ரத்தத்தோடு போய்விடும். ஹைன்ரிஷ் பிரவுன் என்ற சர்ஜன் அதற்கு ஏற்கெனவே வழி கண்டிருந்தார். துளி அட்ரினலினைச் சேர்த்தால் குழாய் சுருங்கும், மரப்பு நீடிக்கும், ரத்தக்கசிவும் குறையும்.

அழகு சிகிச்சை வீட்டு வாசலுக்கு வந்தது இப்படித்தான். பாரிஸில் சூசான் நோயெல் என்ற பெண் டாக்டர் தன் வீட்டிலேயே இமையையும் முகத்தையும் சீராக்கினார். மரப்பு ஊசிதான் போடுவார். முடிந்ததும் வந்தவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். பணக்காரச் சீமாட்டிகள் மட்டும்தான் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? முகத்தில் வயது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்த பெண்களும் வந்தார்கள். 1926-ல் நோயெல் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே அழகு சிகிச்சையின் ‘சமூகப் பங்கு’ இருக்கிறது!

இன்று புரோகெய்ன் இடத்தில் லிடோகெய்ன். பல் டாக்டர் ஈறில் போடுகிறாரே, பெரும்பாலும் அதே சரக்குதான். 1943-ல் ஸ்வீடனில் லோஃப்கிரன் உருவாக்கியது. அவருடைய மாணவர் லுண்ட்க்விஸ்ட் அதைத் தன் உடம்பிலேயே குத்திப் பார்த்தார்.

இமையில் ஊசி போடுவது தனிக் கலை. உடம்பிலேயே மெல்லிய தோல் அங்கேதான். முதலில் வெட்ட வேண்டிய கோட்டை வரைந்துகொள்வார்கள். மருந்து போனதும் இமை உப்பிவிடும், அப்புறம் அளவெடுக்க முடியாதே! மயிரிழை போன்ற ஊசியைத் தோலுக்குச் சற்றே அடியில், தசையைத் தொடாமல் செலுத்துவார்கள். தசைக்குள் போனால் ரத்தம் கட்டி இமை கறுத்துவிடும். மருந்து எரியாமல் இருக்க சிலர் கொஞ்சம் சோடியம் பைகார்பனேட்டும் கலப்பார்கள். ஒரு மில்லி, இரண்டு மில்லிதான் பேச்சு. அதையும் மெதுவாக. பிறகு அட்ரினலின் வேலை செய்யட்டும் என்று சில நிமிடங்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

லிடோகெய்ன் உருவான மறு வருடம், 1944 மார்ச்சில், கோலர் நியூயார்க்கில் காலமானார். வயது 86. வியன்னாவில் அவர் ஆசைப்பட்ட கண் மருத்துவ வேலை கடைசிவரை கிடைக்கவே இல்லை.