வண்டு புகாத விதை: ஒரு சிறு வரலாறு



கடந்த பள்ளித் தவணையில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு விதை முளைத்தலைக் காட்ட வேண்டியிருந்தது. ஈரப்பஞ்சு, நெகிழிக் குவளை, ஒரு கைப்பிடி பச்சைப்பயறு. இவை மூன்றும் இருந்தால் பாடம் நடந்துவிடும் என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். அறிவியல் அறையின் அலமாரியில் முந்தைய ஆண்டு வாங்கிய பயறு பாதிப் போத்தல் மிச்சமிருந்தது. புதிதாக வாங்குவானேன் என்று எண்ணி அதனையே மாணவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்துப் பார்த்தால், இருபத்தாறு குவளைகளில் ஒன்பதில் மட்டுமே முளை தோன்றியிருந்தது. மற்றவற்றில் புளித்த நாற்றம். ஒரு சிறுமி தன் குவளையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “டீச்சர், என் விதை மட்டும் ஏன் செத்துப்போச்சு?” என்று கேட்டாள். நாள்தோறும் ஓய்வு நேரத்தில் தவறாமல் நீர் தெளித்தவள் அவள். நான் உடனே விடை கூறவில்லை. மாணவர்கள் சென்ற பிறகு போத்தலில் எஞ்சியிருந்ததை ஒரு வெள்ளைத்தாளில் கொட்டிப் பார்த்தேன். ஊசியால் குத்தியது போல் வட்ட வட்டத் துளைகள். சில பயறுகளின் தோலில் வெள்ளைப் புள்ளிகள். தாளின் ஓரத்தை நோக்கி ஓடிய ஐந்தாறு பழுப்பு வண்டுகள். தவறு அந்தச் சிறுமியுடையதன்று, என்னுடையது.

அன்று மாலை என் பாட்டியின் நினைவு வந்தது. பேராக்கில் ஓர் இரப்பர்த் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் அவருடைய மைலோ டின்னில் இருந்த பயறு எந்த மாதத்தில் எடுத்து நனைத்தாலும் முளைக்கும். திருமண வீடுகளில் பாலிகை தெளிப்பதற்கு அக்கம்பக்கத்தார் அவரிடம்தான் தானியம் வாங்கிச் செல்வர். முளைக்காத பாலிகையை நல்ல சகுனமாக யாரும் கொள்வதில்லை அல்லவா? ஆகவே அவருக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு, ஓர் அச்சமும் உண்டு. வெயிலில் பாய் விரித்துப் பயற்றைக் காய வைப்பார். சூடு ஆறும்வரை நிழலில் பரப்பி வைப்பார். உள்ளங்கையில் சிறிது விளக்கெண்ணெய் தொட்டுப் பயற்றைப் பிசறுவார். பிறகு டின்னின் வாய்வரை நிரப்பி இறுக மூடுவார். மூடியபின் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். “சத்தம் கேட்கக் கூடாது; கேட்டால் இன்னும் போடு” என்பார். அந்தக் குலுக்கலின் பொருள் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது.

உண்பதற்காகச் சேமிக்கும் தானியத்தைக் காப்பது எளிது. முளைக்கவிடுவதற்காகச் சேமிக்கும் விதையைக் காப்பது கடினம். வறுத்து வைத்தால் வண்டு சாகும், உண்ணலாம். ஆனால் வறுத்த பயறு முளைக்குமா? விதைக்குள் உறங்குவது ஓர் உயிர். அதைத் தின்னும் புழுவும் ஓர் உயிர். ஒன்று மாய்ந்து மற்றொன்று பிழைக்கவேண்டும். மனிதன் இதற்கு வழி தேடியதே விதைச் சேமிப்பின் வரலாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்பகைமை மிகப் பழையது. 1922ஆம் ஆண்டு ஹாவர்ட் கார்ட்டர் எகிப்தில் துட்டன்காமுன் மன்னனின் கல்லறையைக் கண்டறிந்தார். ஏறத்தாழ 3,300 ஆண்டுகள் மூடிக் கிடந்த அக்கல்லறையில் மன்னனுக்கென்று வைத்திருந்த பொருள்களிடையே சிறு வண்டுகளின் உடல்களும் கிடைத்தன. இன்று நம் வீட்டு மல்லித்தூள் பொட்டலத்தில் திரிகின்றனவே, அதே இனங்கள்தாம்! மன்னன் மறுமைக்குப் போகும்போதும் அவை விடவில்லை.

உரோமானியர் இதுபற்றி எழுதியே வைத்துள்ளனர். கி.மு. 160ஐ ஒட்டி வேளாண்மை நூல் எழுதிய கேட்டோ, ஒலிவக்காய் பிழிந்தபின் எஞ்சும் கசண்டு நீரைப் பதருடன் குழைத்துக் களஞ்சியத்தின் சுவரிலும் தரையிலும் பூசச் சொல்கிறார். வண்டும் எலியும் அண்டாவாம். நாம் சாணம் மெழுகிய குதிரை நினைத்துக்கொள்ளலாம். அவரைவிட எனக்கு வியப்பளிப்பவர் வாரோ. கி.மு. 37இல் அவர் எழுதிய நூலில், கப்படோசியா, திராசு நாட்டு மக்கள் தானியத்தை நிலத்தடிக் குழிகளில் காற்றுப் புகாமல் மூடி வைப்பதைக் குறிப்பிடுகிறார். காற்று புகாத இடத்தில் வண்டு தோன்றாது என்கிறார். அவ்வாறு வைத்த கோதுமை ஐம்பது ஆண்டும், தினை நூறாண்டுக்கு மேலும் கெடாது என்கிறார். ஆண்டுக் கணக்கில் சற்று மிகை இருக்கலாம். ஆனால் அடுத்து ஓர் எச்சரிக்கை தருகிறார்: குழியைத் திறந்தவுடன் இறங்காதே, சிறிது நேரம் திறந்து வைத்தபின் இறங்கு, இல்லாவிடில் மூச்சுத் திணறிச் சாவாய். இதனைக் கண்ணால் கண்டவர் கூறாமல் எழுதியிருக்க முடியாது. குழிக்குள் தானியமும் பூச்சியும் மூச்சுவிட்டு உயிர்வளியைத் தீர்த்துவிடுகின்றன, கரிவளி நிறைகிறது. பூச்சி முதலில் மடிகிறது. அறியாமல் இறங்கிய மனிதனும் மடிகிறான்.

இங்கே ஓர் இடைச்செருகல். கோபுரக் கலசங்களில் தானியம் நிரப்பியது விதை வங்கிக்காகவே என்றொரு செய்தி நம்மவரிடையே மின்னஞ்சல் காலத்திலிருந்தே சுற்றிவருகிறது. குடமுழுக்கின்போது கலசத்தில் தானியம் இடும் வழக்கம் உண்மை. ஆனால் ஆண்டெல்லாம் வெயிலில் காயும் செப்புக் கலசத்துக்குள் விதையின் உயிர் நெடுநாள் தங்குவது அரிது. வெப்பம் விதைக்கும் பகையே. நம் முன்னோரின் அறிவைப் போற்றுவதற்கு உறுதியான சான்றுகள் வேறு நிறைய உள்ளன. இதைப் பிள்ளைகளிடம் முடிந்த உண்மையாகச் சொல்லிவிடவேண்டாம் என்பது என் கருத்து.

மீண்டும் வண்டுக்கு வருவோம். நெடுங்காலம் மக்கள், வண்டு விதையிலிருந்து தானாகவே பிறக்கிறது என்று நம்பினர். இன்றும் நாம் “பயறு வண்டாகிவிட்டது” என்றுதானே சொல்கிறோம்? 1668இல் இத்தாலியர் பிரான்செஸ்கோ ரெடி, இறைச்சியை மூடி வைத்தும் மூடாமல் வைத்தும் சோதித்து, ஈ முட்டையிடாவிட்டால் புழு இல்லை என்று காட்டினார். ஆனால் தானியம்? அது முழுதாக மூடிய ஓடு போன்றது; புழு உள்ளேயே கிடக்கிறது; வெளியே வழி தெரிவதில்லை. 1680களில் ஆலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத் துணி வணிகரான லேவன்ஹுக் தம் கண்ணாடிவில்லைகளைக் கொண்டு கோதுமைக் கூன்வண்டை ஆராய்ந்தார். அவை இணைசேர்ந்து, முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி வருவதைக் கண்டார். கோதுமை வண்டைப் பெறவில்லை. வண்டே வண்டைப் பெற்றது. என் பார்வையில் இக்கதையின் பெருந்திருப்பம் இதுவே. தானாகப் பிறப்பதைத் தடுக்க முடியாது. வெளியிலிருந்து வருவதைத் தடுக்கலாம்.

நம் பச்சைப்பயற்று வண்டின் கதையும் அத்தகையதே. தாய்வண்டு முட்டையைப் பயற்றின் தோல்மீது ஒட்டிவிடுகிறது. நான் கண்ட வெள்ளைப் புள்ளிகள் அவையே. புழு முட்டையின் அடிப்பக்கத்தைத் துளைத்து நேரே விதைக்குள் நுழைகிறது. உள்ளேயே பருப்பைத் தின்று வளர்கிறது. நம் நாட்டு வெப்பத்தில் மூன்று நான்கு வாரங்களில் வட்டத் துளையிட்டு வண்டாக வெளிவருகிறது. வந்தபின் அது உண்பதுகூட இல்லை; சில நாளே வாழ்ந்து, மீண்டும் முட்டையிட்டு மடிகிறது. வயலில் காய் முற்றும்போதே முட்டையிடுவதும் உண்டு. ஆகவே கடையில் வாங்கும் பொட்டலத்திலேயே அது உறங்கிக்கொண்டிருக்கலாம். போத்தலை இறுக மூடியும் வண்டு எப்படி வந்தது என்று வியக்கும் தாய்மார்களுக்கு இதுவே விடை. பருப்பைப் புழு தின்றுவிட்டால் முளைக்குருத்துக்கு உணவில்லை. துளைவழி பூஞ்சை புகும். அதனால்தான் அந்தப் புளித்த நாற்றம்.

உள்ளே இருப்பதைக் கொல்வது எப்படி? 1760இல் பிரான்சின் அங்குமுவா மாநிலத்தில் ஓர் அந்துப்பூச்சி களஞ்சியங்களை அழித்தபோது, பாரிஸ் அறிவியல் கழகம் டுஹாமெல் டு மோன்சோ, டில்லே என்னும் இருவரை அனுப்பியது. 1762இல் வெளிவந்த அவர்களின் நூல் அடுப்பறைச் சூட்டைப் பரிந்துரைத்தது. அரைக்கும் தானியத்துக்கு அது சரி. சூடு கூடிவிட்டால் விதைநெல்லும் விதைக்கோதுமையும் என்னாகும்?

1930களில் வேதிப்பொருள்கள் வந்தன. மெத்தில் புரோமைடு வளி பூச்சியை விரைந்து கொன்றது. ஆனால் விதையின் முளைப்புத்திறனையும் கெடுக்கவல்லது. ஓசோன் படலத்துக்கும் அது கேடு என்பதால், மொன்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் வளரும் நாடுகளிலும் 2015இல் அதன் பொதுப் பயன்பாடு நிறுத்தப்பட்டது. மற்றொன்று அலுமினிய பாஸ்பைடு மாத்திரை. பெரிய கிடங்குகளில் பயிற்சி பெற்றவர்கள் கையாள்வது அது. அதன் நச்சுவளி ஆட்கொல்லி. வீட்டுச் சமையலறைக்குள் அதனை யாரும் கொண்டுவரலாகாது.

வியப்பு என்னவென்றால், அறிவியல் மீண்டும் வாரோவின் குழிக்கே திரும்பியது. 1987இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி மர்டோக்கும் உடன்பணியாற்றியோரும் ஆப்பிரிக்காவின் கேமரூனில் தட்டைப்பயறு விளைவிக்கும் உழவர்களிடையே ஆய்வைத் தொடங்கினர். வண்டுக்கு அஞ்சி அவ்வுழவர்கள் அறுவடையானவுடன் குறைந்த விலைக்கே பயற்றை விற்றுவந்தனர். அடுத்த பருவத்தில் விதைக்கே திண்டாட்டம். ஆய்வின் பயனாக உருவானது மூன்றடுக்குப் பை: உள்ளே இரண்டு தடித்த நெகிழிப் பைகள், வெளியே ஒரு சாக்கு. நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுகக் கட்டவேண்டும். அவ்வளவே, மருந்து இல்லை. 2007 முதல் மேற்கு, நடு ஆப்பிரிக்க நாடுகளில் இது பரப்பப்பட்டது. பூச்சி மூச்சடைத்து மட்டும் சாவதில்லை. உணவிலிருந்து தன் உடலுக்கு வேண்டிய நீரை ஆக்கிக்கொள்ள அதற்கு உயிர்வளி தேவை. அது குன்றும்போது உடல் வறண்டு மடிகிறது என்றும் அவர்கள் பின்னர்க் கண்டனர். நன்கு உலர்ந்த விதையோ மிகக் குறைவாகவே மூச்சுவிடுவதால் பிழைத்துக்கொள்கிறது. ஈரமான விதையை இவ்வாறு அடைத்தால் அதுவும் கெடும் என்பதை மறக்கலாகாது.

இதைப் படித்த அன்றுதான் பாட்டியின் குலுக்கல் விளங்கிற்று. டின்னில் வெற்றிடம் இருந்தால் ஓசை வரும். வெற்றிடம் என்பது காற்று. காற்று என்பது வண்டின் வாழ்நாள். என் பள்ளிப் போத்தல் பாதிதான் நிறைந்திருந்தது.

அவருடைய மற்றச் செயல்களுக்கும் காரணம் உண்டு. மெல்லிய நெகிழித் தாளுக்கு அடியில் வெயிலில் பரப்பிய தட்டைப்பயறு 57 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் இருந்தால் முட்டை முதல் வண்டு வரை எல்லாம் மடியும், முளைப்பு கெடாது என்பது இதே மர்டோக் குழுவினரின் முடிவு. பாட்டியின் பாய் அவ்வளவு சூடாகியிருக்குமா என்பது ஐயமே, ஈரத்தையேனும் போக்கியிருக்கும். சூடு ஆறாமல் மூடினால் டின் உள்ளே வியர்க்கும். விளக்கெண்ணெய்க்கும் ஆய்வுச் சான்று இருக்கிறது. கொலம்பியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையத்தில் 1970களின் இறுதியில் செய்த சோதனைகளில், ஒரு கிலோ அவரைக்கு ஐந்து மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி, தாவர எண்ணெய் பயறுண்ணி வண்டுகளைத் தடுத்தது. எண்ணெய் மிகுந்தால் முளைப்புக் குறையும். ஆகவே உள்ளங்கை அளவே போதும். தமிழகத்தில் துவரைக்குச் செம்மண் கட்டுவதும் இவ்வழியில் வந்ததே. வேப்பிலையைப் பற்றி மட்டும் ஒரு சொல்: காய்ந்த இலை வெளியிலிருந்து வருவதை ஓரளவு விலக்கலாம், விதைக்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவை அது ஒன்றும் செய்யாது.

பாட்டியிடம் இல்லாத ஒன்று நம்மிடம் உள்ளது; அதுதான் உறைபெட்டி. உலர்ந்த பயற்றைக் காற்றுப் புகாத பையில் இட்டு, கழிக்கும் 18 பாகைக் குளிரில் ஒரு வாரம் வைத்தால் உள்ளிருக்கும் முட்டையும் புழுவும் மடியும். உலர்ந்த விதைக்குத் தீங்கில்லை. நார்வேயின் சுவால்பார்டில் 2008இல் திறக்கப்பட்ட உலக விதைக் காப்பகமும் இதே குளிரில்தான் விதைகளைக் காக்கிறது. வெளியே எடுத்தபின் பை அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கவேண்டாம். திறந்தால் பயற்றின்மீது பனி பூக்கும்.

நானும் அவ்வாறே செய்தேன். புதுப் பயறு வாங்கி, உறையவைத்து, சிறு போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி, வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டினேன். மாணவர்கள் வரிசையாக வந்து காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தனர். இரண்டு போத்தல்களில் சலசலப்புக் கேட்டது; அவர்களே மேலும் நிரப்பினர். ஐந்து மாதம் சென்றபின் அவற்றில் ஒன்றைத் திறந்து மீண்டும் முளைக்கவிட்டோம். இருபத்தாறில் இருபத்து மூன்று முளைத்தன. முளைக்காத மூன்றையும் அச்சிறுமி தாளில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, “ஓட்டை இல்லை, டீச்சர்” என்றாள்.