பலகாரம்

பலகாரம் என்பது முறுக்கு, அதிரசம், சீடை, வடை, பணியாரம், அப்பம் முதலிய தின்பண்டங்களைக் குறிக்கும் பொதுப்பெயர். சோறும் குழம்புமாக இலை போட்டு உண்ணும் உணவைச் சாப்பாடு என்றும், அதற்குப் புறம்பாக மாவரைத்தோ இடித்தோ செய்யப்படும் சுவைப்பண்டங்களைப் பலகாரம் என்றும் பிரித்துச் சொல்வது தமிழ் வழக்கு. இனிப்பும் காரமும் இச்சொல்லில் அடங்கும்.

பழம் எனப் பொருள்படும் ‘பல’, உணவு எனப் பொருள்படும் ‘ஆகார’ ஆகிய இரண்டும் புணர்ந்த வடமொழித் தொடரே இதன் மூலம். தமிழுக்கு வந்தபோது வடமொழி ஹகரம் ககரமாகிப் ‘பலாகாரம்’ என்றாயிற்று. பின் நடுவிலிருந்த நெடில் குறுகியது. முதற்சொல்லான ‘பல’வே தமிழின் ‘பழம்’, ‘பழு’ என்பவற்றோடு உறவுடைய திராவிடச் சொல் என்று கருதும் மொழியியலாளரும் உண்டு. பல வகைக் காரப் பண்டங்கள் என்று பிரித்துப் பொருள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறதே தவிர, பொருந்தாது. தீபாவளித் தட்டில் பாதி இனிப்பாகவே இருக்கும்.

பழ உணவு எப்படி எண்ணெய்ப் பண்டமாயிற்று என்பதே இச்சொல்லின் வரலாற்றில் சுவையான பகுதி. விரத நாளில் சமைத்த சோற்றை விலக்கிப் பழம், பால் போன்றவற்றை மட்டும் கொள்வது முதலில் பலாகாரம் எனப்பட்டது. முழுப் பட்டினி இருக்க முடியாதவர்களுக்கான சலுகை அது. நாளடைவில் சலுகை விரிந்தது. விலக்க வேண்டியது சோறுதான் என்று கொண்டதால் இட்லி, தோசை, அடை, உப்புமா ஆகியவையும் விரத உணவாயின. அமாவாசை போன்ற நாட்களில் பகலில் ஒருவேளை சாப்பிட்டுவிட்டு இரவில் ‘பலகாரம் பண்ணுவது’ பல வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். அங்கே அச்சொல்லுக்கு இட்லி, தோசை என்றே பொருள். சோறல்லாத உணவு என்ற பொருள் இப்படி நிலைபெற்ற பிறகு, விரதத் தொடர்பு இல்லாத பண்டிகைப் பண்டங்களுக்கும் அது பெயராவதில் தடை இருக்கவில்லை. பிற்காலத்தில் ‘டிபன்’ வந்து இட்லி தோசையைத் தன்பால் இழுத்துக்கொள்ள, பலகாரம் பெரும்பாலும் வாணலியில் பொரிப்பவற்றுக்கும் இனிப்புகளுக்கும் உரியதாயிற்று.

மற்ற இந்திய மொழிகளிலும் இம்மாற்றத்தின் வெவ்வேறு படிகளைக் காணலாம். இந்தியில் விரத உணவு என்ற பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. ஜவ்வரிசியும் உருளைக்கிழங்கும்கூட அங்கே அதில் சேரும். வங்காளத்தில் ‘பலார்’ என்பது அவல், தயிர், வாழைப்பழம் முதலியன சேர்ந்த சமைக்காத உணவு. தெலுங்கில் சிற்றுண்டியையும் மலையாளத்தில் தின்பண்டத்தையும் இச்சொல் குறிக்கிறது.

இச்சொல் வருமுன்பே தமிழில் தின்பண்டங்களுக்குப் பெயர் இருந்தது. ‘பண்ணியம்’ பழைய இலக்கியங்களில் வரும் சொல். அப்பம் சுட்டு விற்றவர்களுக்குக் ‘கூவியர்’ என்று பெயர். மதுரையின் அல்லங்காடியில், அதாவது இரவுக் கடைத்தெருவில், மோதகம் விற்றவர்களை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. பழைய பெயர்களுள் பண்ணியம் வழக்கொழிந்தது, பணியாரம் மட்டும் ஒரு பண்டவகையின் பெயராக நிற்கிறது.

இன்றைய வழக்கு இடத்துக்கு இடம் வேறுபடும். செட்டிநாட்டில் காலைச் சிற்றுண்டியும் பலகாரம்தான். அங்குள்ள நகரத்தார் சமூகத்தின் திருமணங்களில் பிற்பகலில் தருவது இடைப்பலகாரம். எண்ணெயில் பொரிப்பதையும் ‘சுடுதல்’ என்றே தமிழர் சொல்வதால், பலகாரம் சுடுவது என்பதே இயல்பான தொடர். யாழ்ப்பாணத்தில் இத்தொடர் ஒரு சடங்கின் பெயராகவே ஆகிவிட்டது. திருமணத்துக்கு முன் நல்ல நாளும் நேரமும் பார்த்து, உறவுப் பெண்களும் அயலவரும் திருமண வீட்டில் கூடி அடுப்பு மூட்டுவது பலகாரச் சூடு. வறுத்த பயற்றமாவைச் சர்க்கரைப் பாகில் குழைத்து உருட்டி, மாக்கரைசலில் தோய்த்துப் பொரிக்கும் பயற்றம் பணியாரமும், அரியதரம் எனப்படும் அதிரசமும், முறுக்கும் அங்கே சுடப்பட்டுத் திருமணத்துக்காக எடுத்துவைக்கப்படுகின்றன.